வெள்ளையம்மாளை யார் எழுப்புவது

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்க வேண்டாம்.

எனக்குக் கழுத்து வலி. எழுதுகிறவர்களுக்கு வருவதுதான்; இடது தோளில் இறங்கி முழங்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ராத்திரியில் தூக்கமும் கிடையாது. கே.கே. நகரில் எங்கள் தெருமுனையில் சந்திரசேகர் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். சின்ன வயசு, சிரித்த முகம். என் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "வேலைக்குப் போற லேடீஸ்கிட்ட ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாம் மேடம். மனசுல நம்பிக்கை இருந்தா நல்லா தூக்கம் வரும், உடம்பு வலியும் கம்மியாகும். நீங்களும் எதையாவது எதிர்பார்த்துக்கிட்டு சந்தோஷமா இருங்க."

கழுத்து அவர் கையில் இருந்ததால் நான் பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்திடம் பேசினேன். நம்பிக்கை இருந்தால் தூக்கம் வருமா? நாளைக்கு ஊருக்குப் போகிறோம் என்றாலே இன்றைக்குத் தூக்கம் போய்விடுகிற ஜாதி நாம். நல்லது ஒன்று நடக்கப் போகிறது என்று தெரிந்த ராத்திரியில் எந்தப் பெண் ஐயா கண்ணை மூடி...

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண்ணை உண்டாக்கினேன். சந்திரசேகர் தம்பி சொன்னது தப்பு என்று அவளை வைத்து நிரூபித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். அவள் பெயர் வெள்ளையம்மாள்.

2

முதல் தொடக்கம்:

"பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளையம்மாள் ஜன்னலோரம் நின்று..."

அறுபத்து மூன்றாம் வருஷத்தில், உறையூரில் ஒரு லைன் வீட்டில் ஜன்னல் ஏது? அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

"கணவனைப் பாம்பு கடித்த அன்றைக்கே அவளுடைய..."

இதுவும் வேண்டாம். கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு புருஷனைத் தீர்த்துக்கட்ட வேண்டுமென்றால் உடனே ஒரு பாம்பு வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் காவிரியில் வெள்ளம். வெள்ளையம்மாளின் புருஷன் காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. மருங்காபுரிப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்தவன். நல்லவன்தான். அவனைப் பற்றி இனி இந்தக் கதையில் பேச்சில்லை.

மூன்றாம் தொடக்கம் இது. நிற்கும் என்று நினைக்கிறேன்:

வெள்ளையம்மாள் நன்றாகத் தூங்குகிறவள்.

3

வெள்ளையம்மாள் நன்றாகத் தூங்குகிறவள். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள், அதுவும் பட்டப்பகலில். ஏனென்றால் அவளுக்கு வேலை ராத்திரியில். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஆயா. [எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் யாராவது ஒருத்தர், எங்கள் அத்தை அங்கேதான் வேலை பார்த்தாள், அப்படியெல்லாம் இல்லை என்று சண்டைக்கு வருவார்.]

நோயாளியைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வாளி வாளியாகத் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும், விடிகிறதற்குள் வார்டைக் கழுவிவிட வேண்டும். விடிந்ததும் உறையூருக்கு நடந்தே வருவாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பாயை விரிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். டொக்கு டொக்கு என்று நாள் முழுக்க அடிக்கிற அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்ததே கிடையாது.

வலி இல்லாமலா? இடுப்பில் பிடித்து வலது கால் வழியாக இறங்கிக் குதிகால் வரைக்கும் ஒரே வலி. ஆனால் அதை அவள் வலி என்று நினைத்ததில்லை. உடம்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு மகள். பெயர் வேலம்மாள். மருங்காபுரிப் பக்கத்தில் வெள்ளையம்மாளின் அண்ணன் அழகர்சாமி வீட்டில் வளர்கிறாள். ராத்திரி முழுக்க வேலைக்குப் போகிறவள், கொக்கி மட்டும் போட்ட ஒற்றை அறையில் ஒரு பெண்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா? பக்கத்து வீட்டு ஷரபுன்னிசாவிடம் விடலாம் என்றால் அவள் வீட்டில் ஏற்கெனவே ஆளுக்கு ஒரு சாண் இடம்தான். ஆகவே பிள்ளை அங்கே, தாய் இங்கே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அங்கே பிள்ளை தன் அத்தையை அம்மா என்று கூப்பிடுகிறாள். கூடவே வளர்கிற குழந்தைகள் அப்படிக் கூப்பிடுவதால் இவளுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வெள்ளையம்மாளைக் கூப்பிட வேறு ஒரு பெயர் வேண்டியிருந்தது. திருச்சியம்மா என்று வைத்துக்கொண்டாள்.

4

இப்போது நான் அவளுக்கு நம்பிக்கையைக் கொடுக்கிறேன். என் கதை, கொடுக்கலாம்.

ஆவணியில் ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது ஹெட் நர்ஸ் சகுந்தலா சிஸ்டர் கூப்பிட்டார்.

"வெள்ளையம்மா, பகல் டூட்டி பார்க்குற அம்மணிக்குத் தையோட வேலை முடியுது, தெரியுமில்ல? அவ எடத்துக்கு உன்னைச் சொல்லலாம்னு இருக்கேன். உனக்கு சம்மதமா?"

வெள்ளையம்மாள், "சரிங்க சிஸ்டர்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்றும் சொன்னாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பகல் டூட்டி என்றால் ராத்திரி வீட்டில் இருக்கலாம். ராத்திரி வீட்டில் இருந்தால் வேலம்மாள் கூட இருக்கலாம். அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே உறையூருக்கு நடந்தாள், குளித்தாள், குடித்தாள், படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டொக்கு டொக்கு என்று கேட்டது. அட, இங்கே தறி ஓடுகிறதா என்று நினைத்தாள்.

அன்றைக்குப் போன தூக்கம்தான்.

5

ஓடு விலகிய இடத்தில் வெயில் ஒரு காசளவு உள்ளே விழும். அது தரையில் நகர்ந்து நகர்ந்து அடுப்படிக்குப் போகிற வரைக்கும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பாள். சும்மா கிடக்கமாட்டாள். அறையில் பிள்ளையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பாள். பாயை இந்தப் பக்கம் போட்டால் பிள்ளைக்கு அடுப்புச் சூடு அடிக்குமா? பக்கத்தில் படுத்தால் தூக்கத்தில் உதைப்பாளா? அவள் எப்படித் தூங்குவாள் என்பதே வெள்ளையம்மாளுக்குத் தெரியாது.

ஒரு நாள் எழுந்து சுவரில் ஓர் ஆணி அடித்தாள். சத்தம் கேட்டு ஷரபுன்னிசா எட்டிப் பார்த்தாள். வீட்டிலேயே பீடி சுற்றுகிறவள் அவள். பேசும்போதுகூட விரல்கள் சுற்றுகிற மாதிரியே அசைந்துகொண்டிருக்கும்.

"தூங்குற நேரத்துல என்ன வெள்ளை? கண்ணு ரெண்டும் கோவைப்பழமா கெடக்கு."

"சும்மாதான்."

"ஆணிய எதுக்கு இவ்வளவு கீழ அடிக்கிற? உன் இடுப்புக்கு மேல கொஞ்சந்தான் இருக்கு."

"சும்மாதான்கிறேன்ல."

பள்ளிக்கூடப் பை மாட்டுவதற்கு அந்த ஆணி. ஷரபுன்னிசா அதற்கு மேல் கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஒரு டம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். [இந்தப் பாத்திரம் கதைக்குத் தேவையா என்று எனக்குச் சந்தேகம் வந்து இரண்டு தடவை அடித்தேன். ஆனால் தூங்காத ஒருத்திக்கு அந்த நேரத்தில் யார் டீ கொடுப்பது? திரும்பவும் எழுதினேன்.]

தீபாவளிக்கு ஊருக்குப் போனாள். வேலம்மாள் வளர்ந்திருந்தாள். கைப்பிள்ளை ஒன்று அவள் இடுப்பில் இருந்தது. அண்ணிக்குப் புதிதாகப் பிறந்தது. அழகர்சாமி தங்கையிடம் மெதுவாகத்தான் சொன்னான்.

"தை பொறந்ததும் புள்ளைய ஸ்கூல்லேர்ந்து நிறுத்திடலாம்னு பாக்குறேன். உங்க அண்ணிக்கு முடியல. வீட்டோட ஒரு ஆளு இருந்தா ஒத்தாசையா இருக்கும்."

"கொஞ்சம் பொறுண்ணே. தைக்குள்ள ஒரு வழி பண்ணிடறேன்."

"என்ன வழி?"

வெள்ளையம்மாள் கைப்பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் பிள்ளை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திருச்சியம்மா, நீ எப்பப் போவ?"

எப்போது வருவாய் என்று ஒரு தடவைகூட அந்தப் பிள்ளை கேட்டதில்லை. வந்தவள் எப்போது போவாள் என்பதுதான் அவள் அறிந்த கேள்வி. "காலையில கண்ணு" என்று சொல்லிவிட்டு, அவள் உயரத்தைத் தன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். திருச்சிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் மேலே அடித்தாள்.

6

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தைப் பொறுத்தவரை நான் ஜெயித்துவிட்டேன்: நம்பிக்கை வந்தது, தூக்கம் போனது. சந்திரசேகர் தம்பி முகத்தில் விட்டெறியலாம். ஆனால் வலி? அதில்தான் இடித்தது.

வலி கூடியிருக்க வேண்டும் என்றுதான் நான் எழுத நினைத்தேன். தூங்காத உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? "அவளுடைய இடுப்பு இரவெல்லாம் தீயாக எரிந்..." என்று ஆரம்பிக்கவும் செய்தேன். பேனா நகரவில்லை. சரி, அவளையே கேட்டுவிடுவோம் என்று கேட்டேன். [ஆமாம், கேட்பேன். நான் உண்டாக்கியவள், பதில் சொல்லக் கடமைப்பட்டவள்.]

வெள்ளையம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வலி கொறையலீங்க. கண்ணெல்லாம் எரியுது, வாளி தூக்குனா உசுரு போவுது. ஆனா முன்னெல்லாம் அது பாட்டுக்கு இருந்துச்சு, நான் பாட்டுக்கு இருந்தேன். இப்ப அதுகிட்ட பேசுறேங்க. தை வரைக்கும் பொறுத்துக்கன்னு சொல்றேன். கேக்குது."

இதற்கு நான் என்ன எழுதுவது? வலி ஒரு நாள் தீரும் என்று அவள் முதன்முறையாக நினைக்கிறாள். தீரும் என்று நினைத்தவுடனேதான் அது வலி என்பதே அவளுக்குத் தெரிகிறது. தம்பி சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

7

இப்போது அவள் செய்த தப்பு. இதை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான்.

அம்மணியைப் பற்றிச் சொல்கிறேன். பகல் ஆயா. ஸ்ரீரங்கத்தில் வடக்குப் பக்கம் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். பெருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. தூக்கத்துக்குப் பேர் போனவள். துணி அடுக்குகிற அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்குவாள் என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்வார்கள். காலையில் வெள்ளையம்மாள் போகும்போது அம்மணி வருவாள். வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் அம்மணியே கேட்டாள்.

"ஏ புள்ள, நான் போனதுக்கப்புறம் இந்தப் பகல் டூட்டி உனக்கு வேணுமா? வேணும்னா சொல்லு."

கேட்டவள் கேட்டுவிட்டாள். வெள்ளையம்மாளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கைக்கு வராத நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். அதிலும் யாரிடம் சொல்வது? இடத்தை விட்டுப் போகிறவளிடமா? அவள் மனசார வாழ்த்தினாலும், போகிறோமே என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டால்? அண்ணனிடம் சொல்லவில்லை, ஷரபுன்னிசாவிடம் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையிடமே சொல்லவில்லை.

"எனக்கெதுக்குக்கா?" என்றாள், சிரித்துக்கொண்டே. "எனக்கு ராத்திரிதான் பழகிப்போச்சு. பகல்ல நல்லா தூங்குவேன்."

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மணி.

[கொஞ்சம் இப்படி வாருங்கள். வெள்ளையம்மாள் காதில் விழ வேண்டாம். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அம்மணி நேராக மேனேஜரிடம் போனாள். "என் எடத்துக்கு யாரும் ஆசப்படலீங்கய்யா. எனக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் குடுத்துடுங்க. சும்மா இருந்தா எனக்கு ராப்பொழுது போவாது" என்று கேட்டாள். அவர் சரி என்றுவிட்டார். சிஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. தையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். இப்போது இது அம்மணிக்கும் மேனேஜருக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியும்.]

8

மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்திருந்து, விடிகாலையில் பரமபத வாசல் திறக்கும்போது பெருமாள் பின்னாலேயே உள்ளே போய்விட வேண்டும் என்று வெள்ளையம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். தூங்காமல் இருப்பதுதான் வேண்டுதல் என்றால் அவளைவிடத் தகுதியான ஆள் ஸ்ரீரங்கத்தில் யார்? இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

தீபாவளி, பொங்கலைத் தவிர, வேலைக்குச் சேர்ந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் லீவு. டவுன் பஸ்ஸில் நின்றபடியே காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்தாள். அம்மணி வந்து கூட்டிக்கொண்டு போய், கோயில் மணல்வெளியில் இடம் பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்தில் சில பெண்கள் பரமபதம் விரித்துப் புளியங்கொட்டை உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ பாம்பில் இறங்கிவிட்டதற்குக் கூட்டமே சிரித்தது.

"நான் தூங்கிடுவேன்டீ, என்னைப் பத்தி உனக்குத் தெரியும்" என்றாள் அம்மணி. "கதவு தொறக்கும்போது எழுப்பி விட்டுடு."

"எழுப்பறேன்க்கா. நான் தூங்கினா நீங்க எழுப்பணும்."

"நீ எங்க தூங்கப்போற."

"சொல்ல முடியாதுல்ல. எழுப்புவேன்னு சொல்லுங்க."

"எழுப்புறேன், எழுப்புறேன்."

ராத்திரியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. குளிர், கூட்டம், பட்டினி, கால் மரத்துப்போவது எல்லாம் நீங்களே பார்த்தவைதான். கிழக்கு வெளுக்க இன்னும் கொஞ்சம் இருக்கும்போது, கூட்டம் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் அலைபாய்ந்துகொண்டிருந்தபோது, வெள்ளையம்மாள் திடீரென்று பேசினாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்."

"என்னது?"

"கதவு தொறக்கப்போவுது. இனிமே எந்தக் கண்ணு பட்டு என்ன ஆவப்போவுது, சொல்லிடறேன்." சொன்னாள். சிஸ்டர் கூப்பிட்டதிலிருந்து ஆரம்பித்து, அண்ணன் சொன்னது, பள்ளிக்கூடம், திருச்சியம்மா, ஆணி எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை நாள் பூட்டி வைத்தது ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. "உங்க எடத்துக்கு நான் ஆசப்பட்டேன்னு நெனச்சுக்காதீங்கக்கா. நீங்க நல்லபடியா போவணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

அம்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளையம்மாள் அதைப் பார்க்கவில்லை. அவள் வேறெங்கோ இருந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். தலை லேசாகச் சாய்ந்து அம்மணியின் மடிக்கு வந்தது.

"வேலம்மா வந்ததும்க்கா, மொதல்ல அந்த ஆணிய இன்னும் கொஞ்சம் மேல..."

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் இல்லை. அவள் விட்டாள். தூங்கிவிட்டாள்.

9

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இத்தனை நேரம் நான் வெள்ளையம்மாளின் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண் மூடிவிட்டது. கதையின் நடுவில், அதுவும் இந்த இடத்தில் இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நெற்றியில் இருந்த சுருக்கம் இல்லை. ஆவணிக்குப் பிறகு இப்போதுதான் தூங்குகிறாள். எரிச்சல் போய்விட்டது.

எனக்கு மிச்சம் இருப்பவள் அம்மணி மட்டும்தான். இவளைத் தூங்குமூஞ்சி என்று கேலியாக எழுதிவிட்டேன். அவள் அப்படித் தூங்குவது ஏன் என்று கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அம்மணிக்குப் பிள்ளை இல்லை. புருஷன் எப்போதோ போய்விட்டார். எதையும் எதிர்பார்க்காதவள் அவள், அதனால் தூங்கினாள். உடம்பும் பகல் முழுக்க அடித்துத் துவைத்த உடம்பு. வேலை நின்றுவிட்டால் அந்த அறையில் ராத்திரியை என்ன செய்வது என்பதுதான் அவளுக்குப் பயம். ஓய்வு நாளில் அவளுக்கு முழங்கால் கூடுதலாக வலிக்கும். வேலை நாளில் வலி தெரியாது. ஒரு வருஷம் நீட்டிக் கேட்டது அதற்காகத்தான். அதில் பேராசை ஒன்றும் இல்லை. யாருக்கும் வேண்டாத ஒன்றைத்தானே கேட்டோம் என்று நினைத்தாள்.

இப்போது அவள் மடியில் ஒருத்தியின் தலை. அன்றைக்கு வாசலில் கேட்டேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேனேஜரிடம் போயிருக்கவே மாட்டேனே, பாவி மகள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாளே என்று கோபம் வந்தது. உடனே அழுகை வந்தது. இன்றைக்கே மேனேஜரிடம் போய், நீட்டிப்பு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். அதோடு அம்மணியின் தூக்கம் போய்விடும், அவளுக்குத் தெரியும். இனிமேல் எத்தனை ராத்திரி என்று அவள் மனசு ஓடிப் பார்த்தது. இந்தத் தலையைப் பார்த்தாள். மறுபடி ஓடிற்று.

மேளச் சத்தம் கேட்டது. கூட்டம் எழுந்துவிட்டது. பெருமாள் ரத்னாங்கியில் வருகிறார், அதோ வருகிறார் என்று முன்னால் இருந்தவர்கள் எக்கினார்கள்.

எழுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அம்மணி கையைக் கொண்டுபோய் வெள்ளையம்மாளின் தோளில் வைத்தாள்.

10

இதற்கு மேல் நான் எழுதிய முடிவுகள்:

அம்மணி எழுப்புகிறாள். வெள்ளையம்மாள் பதறி எழுந்து, நொண்டிக்கொண்டே ஓடி, வாசலைத் தாண்டிவிடுகிறாள். தையில் மேனேஜர் சிஸ்டரிடம் விஷயத்தைச் சொல்கிறார். [கிழித்துவிட்டேன். இதை எழுதிய அன்று ராத்திரி எனக்கே தூக்கம் வரவில்லை.]

அம்மணி எழுப்பவில்லை. வெயில் ஏறிய பிறகு விழித்த வெள்ளையம்மாள், வாசலைக் கோட்டை விட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். "போடி, உனக்குப் பகல் டூட்டி நான் தரேன்" என்கிறாள் அம்மணி. இருவரும் கட்டிக்கொண்டு... [சீ. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுகிறது. அம்மணி ராத்திரியில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை யார் எழுதுவது?]

மூன்றாவது ஒன்று இருந்தது. அதில் வேலம்மாள் பெரியவளாகி நர்ஸாகி வருகிறாள். அதைப் பற்றிப் பேசவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வழியும் தெரியாமல் போன வாரம் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சந்திரசேகர் தம்பியிடமே கதையைச் சொன்னேன். அவரை மடக்க எழுதிய கதை என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மணி தோளில் கை வைத்த இடத்தில் நிறுத்தினேன். அவருடைய கையும் என் தோளில் அப்படியே நின்றுவிட்டது.

"எழுப்ப வேண்டாம் மேடம்" என்றார். "பாவம், தூங்கட்டும்."

"சரி."

கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, எழுப்பிடுங்க. அவ்வளவு ஆசையா காத்துக்கிட்டிருந்தாங்கல்ல" என்றார். அப்புறம், நான் எழுந்து செருப்பு மாட்டும்போது, "மேடம், அந்தப் பொண்ணு திருச்சிக்கு வந்துச்சா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

ஆகவே இப்படியே விடுகிறேன். மணலில் ஒருத்தி தூங்குகிறாள். அவள் தலையின் பாரத்தில் அம்மணியின் கால் மரத்துவிட்டது. அம்மணி காலை அசைக்கவில்லை. கூட்டம் அந்த இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு முன்னே போகிறது, "ரங்கா, ரங்கா" என்று ஊரே கூப்பிடுகிறது. கதவு திறக்கிறது. அம்மணி குனிந்து, தூங்குகிறவள் காதோரம், "ஏ புள்ள, அந்தப் பகல் டூட்டிய..." என்று ஏதோ சொன்னாள். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் இங்கே கே.கே. நகரில், காகிதத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். என் கை அங்கே எட்டாது.

நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். தூங்கவிட்டால் நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். எழுப்புவதாக இருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோளை உலுக்க வேண்டாம், இடுப்பில் வலி இருக்கிறது. குனிந்து, அம்மா என்று மெதுவாகக் கூப்பிடுங்கள். முன்னால் ஊர்ப் பெயர் வேண்டாம்.